கைப்பேசியும் கிராமமும்: உலகம் கண்ட பாடங்கள்

ஒரு காலத்தில் நம் கிராமங்களில் "தந்தி வந்திருக்கிறது" என்று தபால்காரர் குரல் கொடுத்தால், உறையைப் பிரிக்குமுன்னரே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். அவசரச் செய்தி என்றால் அது பெரும்பாலும் சாவுச் செய்தியாகவே இருந்தது. செய்தி அனுப்புவது அத்தனை அரிதான, செலவு மிகுந்த காரியமாக இருந்ததே இதற்குக் காரணம். 2013-ம் ஆண்டு ஜூலை மாதத்தோடு இந்தியாவில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. அதனால் கிராம மக்களின் அன்றாட வாழ்வில் எந்தக் குறையும் நேரவில்லை. தந்தி செய்த வேலையை மட்டுமன்றி, தபால், மணியார்டர், வானொலி, நிழற்படக் கருவி ஆகியவை செய்த வேலைகளையும் ஒரு சிறு கருவி ஏற்றுக்கொண்டுவிட்டது. அதுவே கைப்பேசி.

இக்கருவி உலகெங்கும் பரவிய விதத்தையும், அதனால் ஏழை நாடுகளின் கிராமங்களில் விளைந்த மாறுதல்களையும் இக்கட்டுரையில் ஆராய்வோம். இது வியப்புக்காகச் சொல்லும் கதையன்று. கைப்பேசி வந்ததால் விவசாயிக்கு நல்ல விலை கிடைத்ததா, கிடைக்கவில்லையாயின் ஏன் என்ற கேள்விக்கு விடை காண்பதே நமது நோக்கம். இவ்விடை தெரிந்தால்தான் பஞ்சாயத்துகள் செய்யவேண்டிய வேலை எது என்பதும் விளங்கும்.

கைப்பேசி பிறந்த வரலாறு

1973-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி அமெரிக்காவில் நியூயார்க் நகர வீதியில் நின்றுகொண்டு, மார்ட்டின் கூப்பர் என்னும் பொறியியல் நிபுணர், கையில் ஏந்திய கருவியொன்றின் மூலம் முதன்முதலாகப் பேசினார். அக்கருவி ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அவர் அழைத்துப் பேசியது யாரை? இதே முயற்சியில் ஈடுபட்டிருந்த போட்டி நிறுவனத்தின் பொறியாளரைத்தான்! எனினும் அந்தக் கருவி கடைக்கு வரப் பத்து ஆண்டுகள் ஆயின. 1979-ல் ஜப்பானிலுள்ள டோக்கியோ நகரில் மோட்டார் வண்டிகளில் பொருத்தும் தொலைபேசிச் சேவை தொடங்கிற்று. 1983-ல் அமெரிக்காவில் கைப்பேசி விற்பனைக்கு வந்தது. அன்று அதன் விலை 3,995 டாலர். செல்வர்களைத் தவிர வேறு யாரும் நெருங்க முடியாத விலை அது.

1991-ல் பின்லாந்து நாட்டில், பல நாடுகளுக்கும் பொதுவான விதிமுறைகளைக் கொண்ட புதிய தொழில்நுட்பம் நடைமுறைக்கு வந்தது. ஒரு நாட்டுக் கருவி மற்றொரு நாட்டிலும் வேலை செய்யலாயிற்று, உற்பத்தி பெருகிற்று, விலை சரிந்தது. இந்தியாவில் 1995-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி, மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் கைப்பேசியில் பேசிச் சேவையைத் தொடங்கி வைத்தார்.

2002-ம் ஆண்டில் உலகில் கைப்பேசி இணைப்புகளின் எண்ணிக்கை, கம்பிவழித் தொலைபேசிகளின் எண்ணிக்கையை முந்திவிட்டது. 2023-ல் உலக மக்களில் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 78 பேர் கைப்பேசி வைத்திருந்தனர் என்று ஐக்கிய நாடுகளின் தொலைத்தொடர்பு அமைப்பு கணக்கிட்டது. மின்சாரமோ, நல்ல குடிநீரோ, கழிப்பிட வசதியோ சென்றடையாத ஊர்களுக்குக்கூட இக்கருவி சென்றிருக்கிறது.

கோபுரங்கள் எவ்வாறு வேலை செய்கின்றன?

கம்பியில்லாமல் பேசும் முறை பழையதே. கப்பல்களும் போலீஸ் வண்டிகளும் வெகு காலமாக அதைக் கையாண்டு வந்தன. ஆனால் ஒரே அலைவரிசையில் இருவர் பேசினால் ஒருவர் பேச்சு மற்றவர் பேச்சில் கலந்துவிடும். அலைவரிசைகளோ எண்ணிக்கையில் குறைவு. அப்படியானால் கோடிக்கணக்கானோர் ஒரே நேரத்தில் எவ்வாறு பேச முடிகிறது?

இதற்கு ஓர் எளிய உதாரணம் கூறலாம். அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் ஒரே இரவில் திருவிழா நடக்கிறது. இரண்டு ஊர்களிலும் பெரிய ஒலிபெருக்கிகளை உயரக் கட்டினால் இரண்டு பாட்டுகளும் கலந்து ஒன்றும் விளங்காது. சிறிய ஒலிபெருக்கிகளைக் கட்டி, ஓசை ஊர் எல்லையைத் தாண்டாதபடி பார்த்துக்கொண்டால் இரண்டு விழாக்களும் இடையூறின்றி நடைபெறும். கைப்பேசி முறையும் இத்தகையதே. நாடு முழுவதையும் தேன்கூட்டின் அறைகளைப்போலச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு வட்டாரத்திலும் குறைந்த ஆற்றலுள்ள கோபுரம் ஒன்று நிறுவப்படுகிறது. பக்கத்துப் பக்கத்து வட்டாரங்களுக்கு வெவ்வேறு அலைவரிசைகள். சற்றுத் தூரத்திலுள்ள வட்டாரத்துக்கு மீண்டும் அதே அலைவரிசை. இந்த யோசனையை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தினர் 1947-லேயே எழுதி வைத்தனர். பஸ்ஸில் போகும் ஒருவர் பேசிக்கொண்டே ஒரு வட்டாரத்தைக் கடந்தால், அடுத்த கோபுரம் அவரது பேச்சைத் தடையின்றி ஏற்றுக்கொள்கிறது. கண்டுபிடிப்பின் சாமர்த்தியம் முழுவதும் இந்தக் கைமாற்றத்தில்தான் இருக்கிறது.

கோபுரங்களைப் பற்றிச் சிலருக்கு அச்சம் உண்டு. கோபுரத்திலிருந்து வெளிப்படும் அலைகளின் அளவுக்கு நம் நாட்டில் கட்டுப்பாடு இருக்கிறது. சர்வதேச வல்லுநர் குழு பாதுகாப்பானது என்று வகுத்த வரம்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படக் கூடாது என்று 2012-ம் ஆண்டு செப்டம்பர் முதல் விதி செய்யப்பட்டுள்ளது. பஞ்சாயத்தின் முன் இத்தகைய புகார் வருமாயின், வதந்திகளை நம்பாமல், கோபுரம் இவ்விதிக்கு உட்பட்டு இயங்குகிறதா என்று கேட்டறிவதே முறையாகும்.

ஏழைகளின் கைக்கு வந்த விதம்

இந்தியாவில் சேவை தொடங்கிய காலத்தில் ஒரு நிமிடம் பேச ஏறத்தாழ 16 ரூபாய் வரை செலவாயிற்று. அழைப்பவர் மட்டுமன்றி, அழைப்பை ஏற்பவரும் பணம் கட்டவேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளி கதவைத் தட்டியதற்காக வீட்டுக்காரர் கூலி கொடுப்பது போன்ற முறை இது! 1999-ம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கைக்குப் பிறகு கட்டணங்கள் படிப்படியாகக் குறைந்தன. 2003-ல் அழைப்பை ஏற்பவர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்ற நிலை ஏற்பட்டது. அதன் பின்னரே கொத்தனாரும் தச்சரும் காய்கறிக் கூடைக்காரியும் கைப்பேசி வாங்கலாயினர். பணம் முன்கூட்டிக் கட்டி, கட்டிய அளவுக்குப் பேசும் முறையும் அவர்களுக்கு உதவியது. மாதச் சம்பளம் இல்லாதவர்களிடம் மாதக் கட்டணம் கேட்பது பொருந்தாது. அன்றாடக் கூலி பெறுவோர் பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் ரீசார்ஜ் செய்து பேச முடிந்தது.

மக்களும் தம் பங்குக்கு ஒரு வழி கண்டனர். ஒரு முறை மணியடிக்கவிட்டு இணைப்பைத் துண்டித்தால், "வந்து சேர்ந்துவிட்டேன்" என்று பொருள். இரண்டு முறையானால் "நீ கூப்பிடு" என்று பொருள். காசு செலவில்லாத இந்த மிஸ்டு கால் மொழியை எந்த நிறுவனமும் கற்பிக்கவில்லை. இந்தியாவிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் ஏழை மக்கள் தாமே உண்டாக்கிக்கொண்டார்கள்.

வங்காள தேசத்தில் 1997-ல் வேறொரு முயற்சி நடைபெற்றது. கிராமீன் வங்கியில் சிறு கடன் பெற்ற ஏழைப் பெண்கள் ஆளுக்கொரு கைப்பேசி வாங்கினர். ஊரார் அவர்கள் வீட்டுக்கு வந்து காசு கொடுத்துப் பேசினர். வெளிநாட்டில் வேலை செய்யும் மகனுடன் பேசுவதற்காகப் பெரிய வீட்டுக்காரரும் ஏழைப் பெண்ணின் திண்ணையில் காத்திருக்க நேர்ந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இத்தொழிலில் ஈடுபட்டனர். பின்னர் வீட்டுக்கு வீடு கைப்பேசி வந்ததும் இவ்வருமானம் குறைந்துவிட்டது. புதிய கருவியை நம்பித் தொடங்கும் தொழில் அக்கருவி மலிந்ததும் நலியக்கூடும் என்பதை நாம் நினைவில் வைத்தல் நலம்.

மத்தி மீன் கற்பித்த பாடம்

கைப்பேசியின் பயனை அளந்து காட்டிய ஆய்வுகளுள் புகழ் பெற்றது நமது அண்டை மாநிலமாகிய கேரளத்தில் நடந்ததாகும். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர், கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு ஆகிய மாவட்டங்களின் கடற்கரையில் 1996 முதல் 2001 வரை 300 மத்தி மீன்பிடிப் படகுகளையும் 15 கரைச் சந்தைகளையும் வாரந்தோறும் கணக்கெடுத்தார். அவர் ஆய்வு 2007-ல் வெளியாயிற்று.

கைப்பேசி வருமுன் நிலைமை எவ்வாறு இருந்தது? மீனவர் விடியற்காலையில் கரை திரும்பும்போது எந்தக் கரையில் என்ன விலை என்று அவருக்குத் தெரியாது. அலைந்து பார்க்க எரிபொருளும் நேரமும் செலவாகும். அதற்குள் மீன் கெட்டுவிடும். எனவே எல்லோரும் சொந்த ஊர்க் கரையிலேயே விற்றனர். 1997-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி வடகராக் கரையில் 11 மீனவர்கள் வாங்குவோர் இல்லாமல் தாங்கள் பிடித்துவந்த மீனை வீணாக்க நேர்ந்தது. அதே காலை நேரத்தில், 15 கிலோ மீட்டர் தூரத்துக்குட்பட்ட மற்றக் கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையுடன் திரும்பவிருந்தனர்! ஒரு பக்கம் பண்டம், மறுபக்கம் பணம். இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டிய செய்தி மட்டும் இல்லை.

அந்த 1997-ம் ஆண்டிலிருந்தே கைப்பேசிக் கோபுரங்கள் தெற்கிலிருந்து வடக்காக ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வந்தன. அலைகள் கடலுக்குள் 20, 25 கிலோ மீட்டர் தூரம் எட்டின. 2001-ல் நூற்றுக்கு 60 படகுகளுக்கு மேல் கைப்பேசி இருந்தது. கடலிலிருந்தபடியே இரண்டு மூன்று கரைகளில் விலை கேட்டு, எங்கே தேவையோ அங்கே படகைத் திருப்பினர். விளைவு என்ன? கரைக்குக் கரை இருந்த விலை வேற்றுமை பெரிதும் குறைந்தது. முன்பு பிடித்ததில் நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு வரை வீணாகிக்கொண்டிருந்தது. அந்த வீண் அறவே நீங்கிற்று. மீனவர்களின் லாபம் நூற்றுக்கு 8 பங்கு கூடிற்று. வாங்கி உண்போருக்கும் விலை நூற்றுக்கு 4 பங்கு குறைந்தது. விற்றவர், வாங்கியவர் இருவருக்கும் நன்மை! வீணாகிய பண்டம் பயன்பட்டதால்தான் இது இயன்றது.

விலை தெரிந்தால் மட்டும் போதுமா?

இத்துடன் கட்டுரையை முடித்துவிட்டால் அது பாதி உண்மையே ஆகும். பிற ஆய்வுகள் கூறுவதையும் கேட்போம்.

ஆப்பிரிக்காவிலுள்ள நைஜர், மழை பொய்த்தால் பஞ்சம் தலைகாட்டும் வறண்ட நாடு. அங்குக் கம்பு முக்கிய உணவு. 2001 முதல் 2006 வரை கைப்பேசிச் சேவை அங்கே பரவியபோது, சந்தைக்குச் சந்தை இருந்த தானிய விலை வேற்றுமை நூற்றுக்கு 10 முதல் 16 பங்கு வரை குறைந்ததாக ஜெனி ஏக்கர் என்ற அறிஞர் கண்டார். சாலை மோசமான தொலைதூரச் சந்தைகளில் பயன் மிகுதி. ஆனால் முதலில் ஆதாயம் பெற்றவர்கள் தானிய வியாபாரிகள். பல சந்தைகளில் விலை விசாரித்து அவர்களே சரக்கை நகர்த்தினர். பின்னர் அதே நாட்டில் காராமணி பயிரிடும் விவசாயிகள் பெற்ற விலையை ஆராய்ந்தபோது, ஊருக்கு ஊர் ஏற்றத்தாழ்வு குறைந்திருந்ததே தவிர, அவர்கள் பெற்ற சராசரி விலை உயரவில்லை.

நம் நாட்டில் மகாராஷ்டிர மாநிலத்தில் 100 கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. விவசாயிகளுக்குச் சந்தை விலையும் வானிலையும் கைப்பேசியில் குறுஞ்செய்தியாக அனுப்பப்பட்டன. 2012-ல் வெளியான முடிவின்படி, செய்தி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் கிடைத்த விலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

கேரளக் கரையையே மீண்டும் ஆராய்ந்தவர்களும் உண்டு. 2013-ல் வெளியான அவர்களது ஆய்வு ஒரு முக்கிய விஷயத்தை எடுத்துக்காட்டுகிறது. படகுக்கும் வலைக்கும் ஏலத் தரகரிடம் முன்பணம் பெற்ற மீனவர், பிடித்த மீனை அந்தத் தரகர் மூலமே விற்கவேண்டும். பத்துக் கரைகளின் விலை கைப்பேசியில் தெரிந்தாலும், படகு போய்ச் சேருவது கடன் கொடுத்தவரின் கரைக்கே!

விவசாய நண்பர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். விதைக்கும் உரத்துக்கும் கமிஷன் மண்டியில் முன்பணம் வாங்கியவர், விளைச்சலை எந்த மண்டிக்குக் கொண்டு செல்ல முடியும்? அறுத்த நெல்லைக் காயவைக்கக் களமும், அடுக்கிவைக்கக் கிடங்கும் இல்லாதவர், "அடுத்த வாரம் விலை ஏறும்" என்ற செய்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? மழைக்காலத்தில் வண்டி இறங்க முடியாத பாதையுள்ள ஊருக்கு, நாற்பது மைலுக்கு அப்பாலுள்ள சந்தையின் நல்ல விலை எட்டாக் கனியே ஆகும்.

ஆகவே விலைச் செய்தி பயன் தரவேண்டுமாயின் அதனுடன் நான்கு வசதிகள் சேர வேண்டும். முதலாவது, சரக்கைக் கொண்டுசெல்லப் பாதையும் வாகனமும். இரண்டாவது, விலை ஏறும்வரை காத்திருக்கக் கிடங்கு. மூன்றாவது, காத்திருக்கும் காலத்தில் வீட்டுச் செலவுக்கு நியாயமான கடன். நான்காவது, சரியான எடையும் வெளிப்படையான ஏலமும் உள்ள சந்தை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள், அங்குச் சரக்கை இருப்பு வைத்துப் பெறும் பொருளீட்டுக் கடன், கூட்டுறவுச் சங்கங்கள், 1999-ல் மதுரையில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய உழவர் சந்தைகள் ஆகியவை இந்நோக்கத்துடன் ஏற்பட்டவையே. இந்நான்கு வசதிகளும் உள்ள ஊரில் கைப்பேசி ஓர் ஆயுதம். இல்லாத ஊரிலோ அது ஏக்கத்தை வளர்க்கும் கருவி மட்டுமே.

பணம் அனுப்பும் கருவி

கைப்பேசி வழியே பேச்சு மட்டுமன்றிப் பணமும் செல்லக்கூடும் என்பதை உலகுக்குப் பெரிய அளவில் காட்டியது கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா. அங்கு 2007-ம் ஆண்டு மார்ச் மாதம் "எம்-பெசா" என்ற சேவை தொடங்கிற்று. பெசா என்பது சுவாகிலி மொழியில் பணத்தைக் குறிக்கும். இந்துமாக் கடலைக் கடந்து சென்ற நமது "பைசா"தான் அது!

முறை எளியது. நகரில் கூலி வேலை செய்பவர் அருகிலுள்ள பெட்டிக்கடையில் ரொக்கம் கொடுத்துத் தம் கைப்பேசிக் கணக்கில் வரவு வைத்துக்கொள்வார். அங்கிருந்து ஊரிலுள்ள மனைவிக்கோ தாய்க்கோ குறுஞ்செய்தியாக அனுப்புவார். அவர்கள் தங்கள் ஊர்க் கடையில் அதைக் காட்டி ரொக்கம் பெறுவார்கள். வங்கிக் கிளை இல்லாத ஊர்களுக்கும் இவ்வாறு பணம் சென்றது. குடும்பத்தில் நோயோ வேலை இழப்போ நேர்ந்தபோது, இச்சேவை உள்ள குடும்பங்கள் வயிற்றைச் சுருக்கவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. தொலைவிலிருந்த உறவினர் பலர் சிறுகச் சிறுக உடனே உதவியதே காரணம். 2016-ல் வெளியான ஆய்வொன்று, இச்சேவையால் 1,94,000 குடும்பங்கள், அதாவது கென்யக் குடும்பங்களில் நூற்றுக்கு 2, வறுமையிலிருந்து மீண்டன என்று மதிப்பிட்டது.

ஆனால் அதே கென்யாவில் பின்னர் கைப்பேசியிலேயே நொடியில் கடன் தரும் சேவைகள் பெருகின. எளிதில் கிடைத்த கடனைத் திருப்ப முடியாமல் லட்சக்கணக்கானோர் கடன் தவறியோர் பட்டியலில் சேர்ந்தனர். நம் நாட்டிலும் அனுமதியற்ற கடன் செயலிகள் மக்களை வாட்டின. நூறு ரூபாய்க்கு வட்டியே முந்நூறு என்று வளர்த்து, கைப்பேசியிலுள்ள படங்களையும் உறவினர் எண்களையும் எடுத்துக்கொண்டு மிரட்டுவது அவற்றின் வழக்கம். 2022-ல் ரிசர்வ் வங்கி இதற்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. ஊர் வட்டிக்காரரிடம் அகப்பட்டவர் அவர் முகத்தையாவது அறிவார். செயலிக்கு முகமே இல்லை.

உயிர் காத்த ஓர் அழைப்பு

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி நடந்த ஒரு நிகழ்ச்சியை ஒவ்வொரு பஞ்சாயத்தும் அறிந்திருத்தல் வேண்டும். புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு ஒரு மீனவ கிராமம். அவ்வூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். அன்று காலை கடல்கோள் செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டவர், ஊரிலிருந்த தம் குடும்பத்தாரைத் தொலைபேசியில் அழைத்தார். கடல் நீர் ஊருக்குள் வருவதாக அங்கிருந்து பதில் வந்தது. உடனே எல்லோரையும் ஓடச் சொல்லுமாறு அவர் வற்புறுத்தினார்.

இதுவரை நடந்தது ஒரு குடும்பத்தைக் காக்கப் போதும். ஊர் முழுவதையும் காத்தது எது? எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அவ்வூரில் அறிவு மையம் ஒன்றை நிறுவியிருந்தது. அதன் ஒலிபெருக்கி, வானிலையும் மீன் விலையும் அறிவிப்பதற்காக வைக்கப்பட்டிருந்தது. ஊரார் அதன் மூலம் எச்சரிக்கையை முழங்கினர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் மேட்டு நிலத்துக்கு ஓடி உயிர் பிழைத்தனர். வீடுகளும் படகுகளும் அழிந்தன, உயிர்கள் தப்பின.

இதில் நாம் கற்க வேண்டியது என்ன? தொலைபேசி ஒருவர் காதில் சொல்கிறது. அதை ஊராருக்குப் பொதுவாக்க ஊருக்கென்று ஓர் ஏற்பாடு வேண்டும். 2023-ல் நம் நாட்டில் கோபுர எல்லைக்குட்பட்ட எல்லாக் கைப்பேசிகளிலும் ஒரே சமயத்தில் எச்சரிக்கை ஒலிக்கும் முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. அது பெரும் வசதியே. எனினும் கருவி இல்லாத முதியவருக்கும், மின்னூட்டம் தீர்ந்த கருவியை வைத்திருப்பவருக்கும் ஊர் ஒலிபெருக்கியே துணை.

நன்மையின் மறுபக்கம்

நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வரும்போது, வீட்டிலிருந்தபடியே கைப்பேசி மூலம் கிணற்று மோட்டாரை ஓடவிடும் வசதி இன்று பல தோட்டங்களில் உண்டு. பாம்புக்கும் சேற்றுக்கும் அஞ்சி இருட்டில் நடக்கவேண்டியதில்லை. ஆனால் வாய்க்கால் உடைந்து நீர் வீணாவதை வீட்டிலிருப்பவர் கண்கள் காணா. கைப்பேசியின் நன்மைகள் பெரும்பாலும் இத்தன்மையவே. நன்மையுடன் ஒரு கவனக் குறைவும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

வதந்தியின் கொடுமையை நம் மாநிலமே கண்டிருக்கிறது. 2018-ம் ஆண்டு மே மாதம், குழந்தை கடத்துவோர் நடமாடுவதாகக் கைப்பேசிகளில் பொய்ச் செய்தி பரவிற்று. திருவண்ணாமலை மாவட்டத்தில், கோவிலுக்குச் செல்லும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூலை முதல் தேதி மகாராஷ்டிரத்தில் ரெயின்பாடா என்ற ஊரில் ஐவர் இவ்வாறே மாண்டனர். அதன் பின்னரே வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்திற்று. அந்நியரைக் கண்டால் விசாரித்துத் தண்ணீர் கொடுப்பது நம் ஊர்களின் பழக்கம். யாரென்று தெரியாத ஒருவர் அனுப்பிய செய்தி அப்பழக்கத்தை ஒரு பொழுதில் அழித்துவிட்டது.

பண மோசடியும் பெருகியுள்ளது. "வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்றும், "போலீஸார் பேசுகிறோம்" என்றும் கூறி, கைப்பேசியில் வரும் ஓ.டி.பி. எண்ணைக் கேட்டுப் பெற்று, சேமிப்பைத் துடைத்துவிடுகிறார்கள். எந்த வங்கியும் இந்த எண்ணைக் கேட்பதில்லை. ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைத்தல் கூடாது. 1930 என்ற எண்ணுக்கு உடனே புகார் செய்தால், பணம் கைமாறுமுன் தடுக்க வாய்ப்புண்டு. ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் நஷ்டமே.

பழுதான கருவிகளும் மின்கலங்களும் குப்பைமேட்டில் எரிக்கப்படுகின்றன. 2022-ல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டதாகப் பதிவானது நூற்றுக்கு 22 பங்குக்குச் சற்று மேல். எஞ்சியவற்றிலுள்ள ஈயம் முதலிய நச்சுப்பொருள்கள் மண்ணிலும் நீரிலும் கலக்கின்றன.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

மேலே கண்ட பாடங்களிலிருந்து சில காரியங்களைத் தொகுத்துக் கூறலாம். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை.

முதலாவதாக, பஞ்சாயத்து அலுவலக வாயிலில் ஒரு கரும்பலகை வைத்து, அருகிலுள்ள மூன்று சந்தைகளின் அன்றைய விலையைத் தினமும் காலையில் எழுதச் செய்யலாம். அரசின் உழவன் செயலியில் விலை பார்த்து எழுதும் பணியை ஊரிலுள்ள ஓர் இளைஞரிடமோ மகளிர் குழுவிடமோ ஒப்படைக்கலாம். படிக்கத் தெரியாதவருக்கு ஒலிபெருக்கியில் படித்துக் காட்டலாம்.

இரண்டாவதாக, பயிர் நோய்க்கு உரக்கடைக்காரர் சொன்ன மருந்தை அப்படியே வாங்கும் பழக்கம் பல ஊர்களில் உள்ளது. 2004 முதல் நடைபெறும் கிசான் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். மருந்து விற்பவரிடம் கேட்கும் யோசனைக்கும், விற்காதவரிடம் கேட்கும் யோசனைக்கும் வேறுபாடு உண்டன்றோ?

மூன்றாவதாக, பெண்களின் நிலையைக் கவனிக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் தாமே பயன்படுத்தும் கைப்பேசி உடைய பெண்கள் நூற்றுக்கு 54 பேரே. நூறு நாள் வேலைக்குச் சென்றவள் மனைவி. கூலி வந்த செய்தி வருவதோ கணவனின் கருவிக்கு! வங்கிக் கணக்கில் அவரவர் எண்ணையே பதிவு செய்ய வேண்டும் என்பதைக் கிராம சபையில் எடுத்துரைத்து, வேண்டுவோருக்கு உதவலாம்.

நான்காவதாக, கிராம சபைக் கூட்டந்தோறும் மோசடி, வதந்தி ஆகியவை பற்றிச் சிறிது நேரம் பேசச் செய்யலாம். ஏமாந்த ஒருவர், தாம் ஏமாந்த விதத்தைத் தாமாக முன்வந்து கூறுவாராயின் பத்துச் சொற்பொழிவுகளைக் காட்டிலும் அது பயன் தரும்.

ஐந்தாவதாக, பழைய கருவிகளையும் மின்கலங்களையும் குப்பையிலிருந்து பிரித்துத் தனியே சேர்த்து வைத்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்யலாம்.

இறுதியாக, இவையனைத்திலும் முக்கியமானது பாதை, களம், கிடங்கு, கூட்டுறவுக் கடன் என்னும் பழைய தேவைகளை மறவாமை. கைப்பேசி வந்துவிட்டதால் இவை பின்தள்ளத்தக்கவை என்று எண்ணுவது பெரும் பிழை. கேரள மீனவர் தம் மீனை வேறு கரைக்குத் திருப்ப முடிந்ததென்றால், கையில் கருவியும் இருந்தது, படகும் இருந்தது, கடனும் அவரைக் கட்டிப்போடவில்லை. கடன் பிணித்தவிடத்தில் கருவி வெறுங்கருவியாகவே நின்றது.

கருவியை வாங்குவது தனி மனிதர் காரியம். அதை விவசாயி வாங்கிவிட்டார். அது சொல்லும் விலைக்கு விற்கக்கூடிய நிலையை உண்டாக்குவது ஊர்ப் பொதுக் காரியம். அதைச் செய்ய வேண்டிய இடம் பஞ்சாயத்தேயாகும்.